கோணல் சட்டை

தையல் கடையில் புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளியம்மாவின் சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"ஊருக்கே அளவெடுத்துத் தைக்கிறவங்க சட்டையைப் பாருங்கக்கா, கோணல்மாணலா!" என்று பக்கத்து மெஷின் அக்காவிடம் கிசுகிசுத்தாள்.

"அது நான் முதல்முதலா சொதப்பினதுடி. யார் சொதப்பினாலும், தைக்கக் குடுத்தவங்களுக்கு வேற துணி வாங்கித் தைச்சுக் குடுத்துட்டு, கெட்டுப்போனதை இவங்க போட்டுக்குவாங்க. ஒரு வார்த்தை திட்ட மாட்டாங்க."

புதியவளுக்குத் திக்கென்றது. நேற்று கழுத்தைத் தாறுமாறாக வெட்டிவிட்ட பச்சைச் சட்டையைத் துணி மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தாள். காணோம்!

மறுநாள் காலை, முதலாளியம்மா பச்சைச் சட்டையில் வந்து நின்றார்.

"இனிமே ஒளிச்சு மட்டும் வைக்காதேம்மா. கசங்கினதை இஸ்திரி போடறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு!"