தமிழரசுவின் காட்சி

காட்டிக்கொடுக்க வந்தவன் நாலாவது தடவையும் சிரித்துவிட்டான்.

“கட்!” என்று கத்தினான் இளவழகன். பள்ளிபாளையத்தில் ஓட்டம் நின்றுபோன ஒரு தறிப்பட்டறைக்குள், இரவல் கேமராவை வைத்துக்கொண்டு அவன் எடுக்கும் முதல் படம் அது. வெட்டுக்குத்துக் கும்பலில் இருந்துகொண்டே ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பையன்களின் கதை.

அந்த இருவரில் ஒருவன் இளவழகனேதான். இன்னொருவன், வசனத்தாளோடு சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜெயபிரகாஷ். இன்றைக்கும் இருவரும் சேலத்தில் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இவர்கள் சங்கதி கும்பல் தலைவன் பச்சமுத்துவின் காதுக்குப் போய்விட்டது. ஆற்றோரத்துக்கு வரத் தாமதமானதால் இளவழகன் தப்பித்தான். அவனுக்காகக் காத்திருந்த ஜெயபிரகாஷின் வலது கையில் அரிவாள் இறங்கியது. மூன்று விரல்கள் இன்னமும் மடங்குவதில்லை.

போட்டுக்கொடுத்தது கூட்டாளி தமிழரசுதான் என்று முடிவாயிற்று. “அம்மா சத்தியமா நானில்லடா, பிரகாசு” என்று காலைப் பிடித்து அழுதவனை ஜெயபிரகாஷ் எட்டி உதைத்தான். போர்வெல் லாரியில் வேலைக்கு ஏறி வடக்கே போன தமிழரசு, போன இடத்திலேயே காய்ச்சலில் செத்துப்போனான். சேதி வந்தபோதுகூட ஜெயபிரகாஷுக்கு அழுகை வரவில்லை.

இன்றைக்கு எடுப்பது அந்தத் தமிழரசுவின் காட்சி. தமிழரசுவாக நடிக்க வந்த கல்லூரி மாணவன் கௌசிக்குக்கு அது பிடிபடவே இல்லை.

“கூடப் பழகுனவனைக் காட்டிக்கொடுக்கறப்ப மூஞ்சிய எப்படி வெச்சுக்கறதுன்னு தெரியலீங்கண்ணா.”

“தள்ளிக்க. நான் செஞ்சு காட்டறேன்.”

இளவழகன் வாசலில் போய் நின்றான். தலைவனாக நடிப்பவரை அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. வாசற்படியைத் தாண்டாமல், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினான்.

“நாலு மணிக்கு ஆத்தோரமா வருவானுங்கண்ணா. என்னைய மட்டும் உட்ருங்க. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துப்போயிரும்.”

ஜெயபிரகாஷ் தாளைப் புரட்டினான். அம்மாவைப் பற்றிய வசனம் அதில் இல்லவே இல்லை. இவனுக்குள் இப்படியொரு நடிகனா என்று பெருமையாக இருந்தது. கூடவே, செத்துப்போன தமிழரசுவின் மேல் பழைய ஆத்திரம் குபீரென்று கிளம்பியது.

வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்துக்குப் பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். கூட்டம் விலகியது. சிறைவாசம் முடிந்து, தாடி வெளுத்து, யாருக்கும் சொல்லாமல் படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்த பச்சமுத்து முன்னே வந்தான்.

இளவழகனின் முகம் செத்துப்போயிற்று.

பச்சமுத்து அவன் தோளைத் தட்டி மனசாரச் சிரித்தான்.

“அச்சு அசல்டா சாமி! அன்னைக்கு எங்கிட்ட வந்தப்பவும் நீ இப்படியேதான் நின்னே.”