ஸ்கூல் சிக்னல் பெட்டி

"மாமா, எந்தப் பெட்டியில கேமரா இருக்கு, எந்தப் பெட்டி காலின்னு மட்டும் சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"முதல்ல காலை விடு மாப்ள. செருப்பைக் கழட்டணும்" என்றார் கேமரா மெக்கானிக்.

நாள் முழுக்க ஏணியைத் தோளில் சுமந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தார். ஹாலில் மனைவியின் தம்பி காத்திருந்தான். பிரெட் வேன் ஓட்டுகிறவன். அவசரத்துக்குப் பிறந்தவன்.

ஊருக்கே தெரிந்த ரகசியம்தான் இது. சிவப்பில் தாண்டுகிற வண்டிகளைப் படமெடுக்க எல்லா சிக்னலிலும் கம்பத்தின் உச்சியில் ஒரு இரும்புப் பெட்டி உண்டு. ஆனால் கேமராக்கள் கொஞ்சம்தான். அவற்றை மெக்கானிக்தான் வாராவாரம் பெட்டி மாற்றி வைப்பார். எது எங்கே என்று அவருக்கு மட்டுமே தெரியும். அதனால் பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை அவரிடம் குழைந்தார்கள். மனுஷனுக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தது.

"ஒவ்வொரு சிவப்புக்கும் நின்னா கடைக்கு பிரெட் எப்பப் போய்ச் சேரும் மாமா? இன்னொரு தடவை லேட்டானா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"அவசரத்துல நீ யாரையாவது அடிச்சுத் தூக்கிட்டா?"

"நான் பாத்துத்தான் போவேன்."

"எல்லாரும் பாத்துத்தான்டா போறாங்க."

"இதுல புதுசா இன்னும் பத்து சிக்னல் பெட்டியோட வருதாமே?"

"வருது. அதுலயும் நான்தான் ஏறணும்" என்றார், முழங்காலை நீவிக்கொண்டே.

மனைவி டீயோடு வந்தாள். "பாவம்ங்க, சொல்லித்தான் தொலைங்களேன். உங்க கையில இருந்தா போகுது?"

மெக்கானிக் ஒரு வாய் குடித்தார். மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை.

"சரி. வெளியில மூச்சு விடக்கூடாது. ஸ்கூல் சிக்னல்ல எப்பவும் இருக்கும். அதை மட்டும் கழட்டவே மாட்டேன். மத்ததெல்லாம் இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது."

"போச்சு! நான் தினம் காலையில போறதே அந்த வழிதான்."

"அப்ப நின்னு போ."

தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினான். "சொந்தம்னு ஒருத்தர் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று வாசலில் அக்காவிடம் முணுமுணுத்தது உள்ளே நன்றாகவே கேட்டது.

அவனை அனுப்பிவிட்டு வந்தவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நிஜமாவே அங்க இருக்குல்ல? பாப்பா அந்த ரோட்டைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போறா."

"இருக்கு."

"இருந்தும் ஏன் காலையில சாப்பிடாமக்கூட அங்க போய் ஏணியில ஏறி நிக்கறீங்க? அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகலாம்ல? 'எல்லார் அப்பாவும் கூட வர்றாங்க, எங்கப்பா மட்டும் கம்பத்துல தொங்கறாரு'ன்னு மூக்கை உறிஞ்சறா."

"லென்ஸ் தொடைக்கணும். ஒரே தூசி." அவர் கண்ணை மூடிக்கொண்டார். அசதி கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை ஸ்கூல் சிக்னல் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஏறினார். விளக்கு சிவப்பானது. சீறிக்கொண்டு வந்த பிரெட் வேன், ஏணியைப் பார்த்ததும் கிறீச்சென்று கோட்டுக்கு முன்னால் நின்றது. உள்ளே இருந்தபடியே மைத்துனன் பெட்டியை முறைத்தான். நின்ற வேனுக்கு முன்னால் பாப்பா தோழியோடு வாயாடிக்கொண்டே, அப்பாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாலையைக் கடந்தாள்.

அவள் கேட்டுக்குள் நுழையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். போன மழையில் தண்ணீர் புகுந்து ஊர் கேமராக்கள் எல்லாமே ரிப்பேருக்குப் போயிருந்தன; ஒன்றுகூட இன்னும் திரும்பி வரவில்லை. வெறும் பெட்டியைத் துணியால் துடைத்துப் பூட்டிவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த சிக்னலுக்கு நடந்தார்.