புறங்கை நெய்

முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினான். புறங்கையில் ஒரு சொட்டு நெய் விட்டுத் தேய்த்தான்.

மோந்தான்.

ஒன்றுமில்லை. வெறும் கை.

எட்டு மாதமாக இப்படித்தான்.

கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் சாய்க்கிற தோரணை மட்டும் அப்படியே இருந்தது. அதை எந்த நோயும் கொண்டுபோகவில்லை.

வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்வது நின்றிருந்தது. அவர் திருந்திவிட்டார் என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள்.

இவனுடைய நெய் மண்டியில் அப்படிச் சமாளிக்க முடியாது. டால்டா கலந்த தகரம் ஒன்றே ஒன்று உள்ளே வந்தால் போதும். கல்யாணச் சமையல்காரர்கள் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு கடை பார்ப்பார்கள்.

இதுவரை பிழைத்தது நாச்சிமுத்துவின் மூக்கால்.

பக்கத்துக் கடைக்காரன். சந்தை நாளில் இரண்டு கடைக்கும் நடுவில் வைத்துத்தான் தகரத்தைத் திறப்பார்கள். இருவரும் மோந்து பார்த்து விலை சொல்ல வேண்டும்.

நெய் நல்லதென்றால் நாச்சிமுத்துவின் வலது புருவம் ஏறும். மட்டமென்றால் கையை வேட்டியில் துடைப்பான்.

புருவம் ஏறியதும் இவன் முந்திக்கொள்வான்.

இவனுக்குக் கொரோனா வந்தது மே மாதம். டெல்டா. பதினோரு நாள் ஆக்சிஜன்.

நாச்சிமுத்துவுக்கு மார்கழியில். ஒமைக்ரான். மூன்று நாள் சளி.

எந்த வகை என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. மாம்பழத்துக்குச் சொல்வதுபோல் சீசனை வைத்து ஊரே சொல்லிக்கொண்டது.

அதே சந்தை. அதேபோல் கவசத்தை இறக்கி மோந்ததில் வந்ததுதான் இருவருக்கும். நோயிலும் அவனுக்குத்தான் நயம் சரக்கு.

அவன் மூக்கும் போகட்டும் என்று இவன் முருகனிடம் கேட்டான். வாய்விட்டுக் கேட்கவில்லை. மனதுக்குள், விளக்கு எதிரே நின்று.

புது வகையில் மணம் போவது குறைவு என்று மறுநாளே பேப்பரில் போட்டிருந்தான். அன்று முழுக்க இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாச்சிமுத்து இல்லாத சந்தையில் இவன் ஒரு தகரமும் வாங்கவில்லை. முதுகுவலி என்று சொல்லிவிட்டான்.

இன்று நாச்சிமுத்து வந்துவிட்டான். சலவை வேட்டி. நெற்றியில் பட்டை.

"ஒரு இருமல்கூடச் சரியா வரல மச்சான். காசு குடுத்து டெஸ்ட் எடுத்ததுதான் தண்டம்."

இவன் சிரித்து வைத்தான்.

எதிரே, நெய் விற்க வந்த செல்லாத்தாளின் தகரம். கோயில் வாசலில் தேங்காய் வாங்கினாலும் பேரம் பேசாமல் விடாதவள்.

நாச்சிமுத்து நெய்யைத் தேய்த்தான். மோந்தான்.

புருவம் ஏறவில்லை.

கை வேட்டிக்குப் போகவில்லை.

இன்னொரு முறை மோந்தான்.

இவன் காத்திருந்தான். முந்தாமல், அவன் முகத்தையே பார்த்தபடி.

நாச்சிமுத்துவும் இவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க சாமி, ரெண்டு பேரும் பொண்ணு பாக்க வந்தவங்களாட்ட ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிக்கறீங்க? நெய்யி தகரத்துல இருக்குதுங்க."

செல்லாத்தாள் சொன்னது இவன் காதில் மெதுவாக விழுந்தது.

விளக்கு எதிரே நின்று கேட்டது நடந்துவிட்டிருந்தது. அது சந்தோஷம்போல்தான் இருந்தது.

இவன் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். கண்ணை மூடித் திறந்தான்.

மெல்ல, வலது புருவத்தை ஏற்றினான்.

"கிலோ அறுநூத்தம்பது. தகரத்தோட எனக்கு," என்றான் நாச்சிமுத்து, முந்திக்கொண்டு.

செல்லாத்தாள் மறுபேச்சுப் பேசவில்லை. முதல் விலைக்கே சரியென்று தகரத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

வேகமாக மூடியையும் போட்டாள்.