பழைய புளிப்பு

சனிக்கிழமை காலை, ஜெயசீலன் காலி ஜாடியோடு வாசலில் நின்றான். மனைவி சுகிர்தாவைப் பிரிந்து அவன் தனி வீட்டுக்குப் போன இந்த ஏழு மாதத்தில் இது மூன்றாவது முறை. “திரும்பவும் பூசணம் பிடிச்சிட்டு, சுகி. ஒரு துண்டு தாயேன்.”

சுகிர்தா ஜாடியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கொம்புச்சா ஜாடியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். புளித்த டீயின் மேல், புது டீயைப் புளிக்கவைக்கும் ஆடை தோசைக் கனத்துக்கு மிதந்தது. கையைக் கழுவி, அதன் மேலடுக்கை மெல்ல உரித்தெடுத்தாள்.

“டீயைச் சூட்டோட ஊத்திட்டீங்களா?”

“ஆமா, அவசரத்துல.”

கூசாமல் பொய் சொல்கிறான். விரலை விட்டுப் பார்த்து, நன்றாக ஆறிய பிறகே ஊற்ற வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். ஏற்கெனவே புளித்த டீயை, அந்தப் பழைய புளிப்பை, ஒரு டம்ளர் சேர்க்காவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆடையும் ஒரு வாரத்தில் பூசணம் பிடித்துவிடும் என்று சொன்னதும் அவன்தான். அதனால் போன இரண்டு முறையும் டம்ளர் நிறைய ஊற்றித்தான் அனுப்பியிருந்தாள்.

ஆடையை அவனுடைய ஜாடிக்குள் நழுவவிட்டாள். புளிப்பை மொள்ள டம்ளரை எடுத்தவள், சற்று நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு மேடையில் கவிழ்த்துவிட்டு, ஜாடியை அப்படியே கொண்டுவந்து நீட்டினாள்.

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். ஆடை சொட்டுப் புளிப்பில்லாமல் அடியில் ஒட்டிக் கிடந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதுமா?”

“போதும்,” என்றான். “அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தாங்கும்.”