தண்ணி சூடா கீதா?

ஆயுளில் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்தறியாத தாமோதரன், வாஷிங் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். மனைவி பவுனம்மாளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

“மெஷினுக்குள்ள தண்ணி நூலாட்டம் வருது நைனா,” என்று குழாயைத் திருகிப் பார்த்தான் மெக்கானிக் அன்பரசன்.

“அது கெடக்கட்டும், தண்ணி சூடா கீதா?”

“மாடி டேங்க் தண்ணியாச்சே! டீயே போடலாம்.”

“அய்யய்யோ!” தாமோதரனின் அலறல் எண்ணூர் துறைமுகம்வரை கேட்டிருக்கும்.

“என் புடவை சாயம் பூடும்னு இன்னா பதறு பதறுது மனுசன்!” பவுனம்மாள் உருகினாள்.

மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் இடத்து வடிகட்டியைக் கழற்றித் தட்டினான் அன்பரசன். ஊறி உப்பிய பொரி கொத்தாக விழுந்தது.

“டேங்க்குல ஏதுய்யா பொரி?” முறைத்தாள் பவுனம்மாள்.

ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் கட்டிகளை வாரிக்கொண்டு மாடிக்குப் பாய்ந்தார் தாமோதரன்.

“திட்றத அப்பால திட்டு! எட்டு விரால் குஞ்சு வுட்டுகீறேன், வெந்துபூடும்!”