மூணு ராஜா

கடைசிச் சீட்டும் காலை வாரிடுச்சு. அணில் செம்பிக்கு வேண்டியது வரல. எதிர்ல கீரி பந்தயமா ரெண்டு கடலைய மெதுவா முன்னால தள்ளுச்சு. பதிலுக்கு ரெண்டு வச்சாத்தான் அது கைச்சீட்டை விரிச்சுக் காட்டும். செம்பிகிட்ட மிஞ்சினதே ரெண்டுதான். கூட்டுல பிள்ளைங்க காலைலேருந்து பட்டினி.

"மூணு ராஜா வச்சிருக்கு, பாரேன்"னு செம்பி முனகுச்சு.

"தெரியுதுல்ல, சீட்டைக் கவுத்துட்டுக் கிளம்புக்கா"ன்னுச்சு சீட்டுப் போடுற காக்கா.

"ரெண்டு கடலைதானேடா. பாக்காமப் போனா மனசு கேக்காது."

செம்பி ரெண்டையும் வச்சுது. கீரி விரிச்சுது. மூணு ராஜா.

"நான் சொன்னேன்ல"ன்னு செம்பி காக்காவைப் பெருமையாப் பாத்துச்சு.

கூட்டுக்குப் போனதும் பிள்ளைங்க வாயைத் தொறந்துச்சுங்க.

"அம்மா சொன்னது அப்படியே இருந்துச்சுடா"ன்னுச்சு செம்பி.

இப்படிக் கரெக்டா கணிச்சுட்டு, வெறுங்கையோட நீங்களும் வீட்டுக்குப் போயிருக்கீங்களா?