செருப்புக்குள் ஒரு பொடிசு

ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றினேன். உள்ளட்டை லேசாகப் பெயர்ந்திருந்தது. அடியில் அரிசி அளவில், கறுப்பாக ஏதோ ஒன்று.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கம்பெனியில் தயாராகும் சென்சார்.

"சிப்பை யார் வேணும்னாலும் செய்யலாம். அதை வேர்வை, தண்ணி எதுவும் போகாம இத்தனூண்டு கூட்டுக்குள்ள அடைக்கிறேன் பாரு, அதுதான் வித்தை. பேட்டரியே வேணாம். மிதிக்கிற மிதியிலேயே கரண்ட் எடுத்துக்கும்" என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அந்தப் பொடிசுக்கு என் செருப்பில் என்ன வேலை?

சுரீரென்றது எனக்கு. போன வாரம்தான், "உங்க வார்டுக்குப் புது டாக்டர் வந்திருக்காராமே?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். நாலு நாளாக, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் போனை உற்று உற்றுப் பார்க்கிறார். பிறகு, "அம்மா, காலை நீட்டு" என்று வெந்நீர் வாளியோடு அத்தையிடம் போய்விடுகிறார்.

அம்மாவுக்கு வெந்நீர், பெண்டாட்டிக்கு வேவு! நல்லா இருக்கே நியாயம்!

இன்றைக்கும் அதேதான். உள்ளே அத்தையின் கால் வாளிக்குள் இருந்தது. நேராகப் போய் அந்தப் பொடிசை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"என்னங்க இது?"

அவர் திருதிருவென்று விழித்தார். "இது... உன்கிட்ட எப்படி?"

"என் செருப்புக்குள்ள இருந்துச்சு. ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தின பிறகு சந்தேகமா? நான் எங்க போறேன், வர்றேன்னு வேவு பார்க்கறீங்களா?"

"ஐயையோ! எங்க போறேன்னெல்லாம் இதுக்குத் தெரியாது. எத்தனை அடின்னு மட்டும்தான் எண்ணும். அதுவும் உனக்கு வைக்கலை, அம்மா செருப்புலதான் வெச்சேன். கம்பெனியில சோதிச்சுப் பார்க்கக் கொடுத்த பீஸ்."

"அத்தைக்கு எதுக்கு?"

"முட்டி ஆபரேஷன் ஆன காலாச்சே! ரெண்டாயிரம் அடிக்கு மேல கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இங்க பாரு, நேத்து பதினாலாயிரம், இன்னிக்குப் பதினாறாயிரம்! கேட்டா, 'வேலை இருக்கே, என்னடா பண்றது'ங்கறாங்க. பதறிப்போய்த்தானே தினமும் வெந்நீர் வைக்கிறேன்?"

"அவங்க செருப்புல வெச்சது என் செருப்புக்கு நடந்தா வந்துச்சு?"

இரண்டு பேரும் அத்தையைப் பார்த்தோம். அவர் பாட்டுக்கு வெந்நீரில் காலை அளைந்துகொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓகோ, என் நடையைக் காட்டி மகன் கையால் சேவை வாங்கிக்கொண்டிருக்கிறாரா? கெட்டிக்காரிதான்!

"நான்தான் மாத்தி வெச்சேன்" என்றார் அத்தை, நிதானமாக. காலை எடுத்துத் துடைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்தார். என் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார்.

பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"டேய், பதினாறாயிரம் அடின்னதும் உனக்கு ஈரக்குலை நடுங்குச்சே. ஒன்பது வருஷமா இவ தினமும் அவ்வளவு நடக்கறா. கால் வலிக்குதான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா? போ, வேற வெந்நீர் கொண்டா!"